தண்ணி பில்லைப் பிரிச்சுப் படி, தங்கச்சி

இர்வைனுக்குக் குடிவந்த கையோட தண்ணி பில்லை ஆட்டோ பேல போட்டுட்டு மறந்துடாதே. நம்ம ஊர்ல கரன்ட்டுக்கு யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறுமே, அதேதான் இங்க தண்ணிக்கு. ஒரே வித்தியாசம், அங்க எல்லா வீட்டுக்கும் ஒரே கோடு. இங்க உன் வீட்டுக்குன்னு தனிக் கோடு. இர்வைன் ராஞ்ச் வாட்டர் டிஸ்ட்ரிக்ட் 1991-ல, கலிஃபோர்னியா வறட்சியில தவிச்சப்போ கொண்டுவந்த முறை இது.

வீட்ல எத்தனை பேர், தோட்டம் எவ்வளவு பெரிசு, அந்த மாசம் வெயிலும் காத்தும் செடிகிட்டயிருந்து எவ்வளவு ஈரத்தை இழுத்திருக்கும், எல்லாம் பார்த்துத்தான் அந்தக் கோட்டை, அதாவது பட்ஜெட்டைப் போடறாங்க. அதுக்குள்ள இருந்தா மலிவு. தாண்டினா படிப்படியா ஏறும். கடைசிப் படிக்கு ‘வேஸ்ட்ஃபுல்’னே பேர். இதை அபராதமா நினைக்காதே. இங்க நிலத்தடி நீர் மலிவு, அது போதாம கொலராடோ ஆத்துல இருந்தும் வடக்கே இருந்தும் வர்ற தண்ணி விலை ஜாஸ்தி. பக்கத்து சான் ஹுவான் கபிஸ்ட்ரானோ வழக்குல 2015-ல கோர்ட்டும் அதைத்தான் சொன்னுச்சு: ஒவ்வொரு படியோட ரேட்டும் தண்ணி தர ஆகுற செலவை ஒட்டி இருக்கணும். பெரிய குடும்பத்தையும் தனி ஆளையும் ஒரே தராசுல நிறுத்தாத இந்த முறை எனக்கு நியாயமாப் படுது.

ஆனா உன் ஆள் கணக்கு சரியா இருந்தாத்தான் அது நியாயம். குழந்தை பிறந்தாலோ, மாமியார் மாமனார் கூடவே தங்க வந்தாலோ உடனே டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஃபார்ம் கொடு. மருத்துவத் தேவைக்கும் கூடுதல் கேட்கலாம்.

அடுத்தது டாய்லெட். ஒரு மழை மாசம், தோட்டத்துக்குச் சொட்டுத் தண்ணி விடலை, ஆனாலும் எங்க பில் கோட்டைத் தாண்டிடுச்சு. டாய்லெட் ஒழுகுதான்னு பார்க்க, கேசரி பவுடரைக் கரைச்சு ஃப்ளஷ் டேங்க்ல ஊத்தினேன். இருபது நிமிஷத்துல, ஃப்ளஷ் பண்ணாமலே, கீழ கிண்ணமெல்லாம் ஆரஞ்சு! உள்ள இருக்கிற ஃப்ளாப்பர் ரப்பரைத் தொட்டா விரல்ல மை மாதிரி கறுப்பா ஒட்டுது, மக்கிப்போச்சு. சில டாலர்ல புதுசு மாட்டினேன். ஒழுகுற டாய்லெட் ஒரு நாளைக்கு 200 காலன் வரை குடிச்சிடும். ஆளுக்கு 50 காலன்னு வெச்சா அது நாலு பேரோட பங்கு.

அரிசி களைஞ்ச தண்ணியைச் செடிக்கு ஊத்து, நல்லதுதான். ஆனா பெரிய செலவு வெளியில, ஸ்ப்ரிங்க்ளர்ல. அங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஆகஸ்ட்ல வெச்ச டைமரை அக்டோபர்லயும் அப்படியே விட்டுடுவாங்க. வெயில் இறங்க பட்ஜெட்டும் இறங்கும், டைமருக்கு அது தெரியாது. மாசம் பொறந்ததும் மாத்து. விடியறதுக்கு முன்னாடி ஓட விடு. களிமண்ணா இருந்தா பன்னிரண்டு நிமிஷத்தை நாலு நாலா மூணு தடவையாப் பிரி. இல்லேன்னா பாதி நடைபாதையில ஓடும். யாரும் கால் வைக்காத புல்தரையை எடுக்க மானியம் இருக்கான்னு, புல்லுல கை வைக்கிறதுக்கு முன்னாடியே விசாரி. மல்லிகைக்குச் சொட்டு நீர்க் குழாய் போதும்.

இன்னிக்கே ஒண்ணு பண்ணு. ஸ்ப்ரிங்க்ளரை நிறுத்திட்டு, எல்லாரும் படுத்ததும் மீட்டர் மூடியைத் திறந்து நம்பரை போட்டோ எடு. காலைல யாரும் குழாயைத் தொடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு எடு. நம்பர் நகர்ந்திருந்தா எனக்கு போன் பண்ணு, கேசரி பவுடரோட வர்றேன்.