கங்காவும் உறவும்
(ஜெயகாந்தனின் கதைத்தலைவி ஒருத்தி பற்றிய ஆய்வு)

காவியத் தலைவியரைப் போற்றிப் பழகிய நாம், நாவலின் தலைவியும் குற்றமற்றவளாய் இருத்தல் வேண்டும் என எதிர்பார்க்கிறோம். ஆயின், குறையுடைய மாந்தரை அக்குறையோடு அறிந்துகொள்ளச் செய்வதே நாவலிலக்கியத்தின் தனிப்பணியாகும். இதனை மாணவர் உணர்தற்கு ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நல்லதோர் எடுத்துக்காட்டு. 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வெளிவந்து, பின் நூலுருப் பெற்ற இந்நாவல் 1972ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசினைப் பெற்றது. 1977இல் ஏ. பீம்சிங் இதனைத் திரைப்படமாக்கினார்.

நாவலின் வித்து, 1966இல் ஆனந்த விகடனில் வெளியான 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதையாகும். மழைபெய்யும் மாலையொன்றிற் கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத ஒருவனது காரில் ஏறித் தன் கற்பை இழந்து வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அடிக்கிறாள். பின் தன்னைத் தேற்றிக்கொண்டு, மகளின் தலையில் நீரை வார்த்து, அவள் தூயவளாகிவிட்டாள் எனக் கூறி அணைத்துக்கொள்கிறாள். சீதைக்கு நெருப்புச் செய்ததை இம்மகளுக்குத் தாயின் கைந்நீர் செய்தது. அக்கதை அன்று பெருஞ் சர்ச்சையை எழுப்பியது.

நாவலோ, அத்தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் என்ன நிகழும் என்னும் வினாவிலிருந்து பிறக்கிறது. கங்காவின் தாய் கனகம் கதறிவிடுகிறாள். செய்தி அயலெங்கும் பரவுகிறது. தமையன் கணேசன் தங்கையை வீட்டை விட்டு வெளியேற்றுகிறான். புகலளித்துப் படிக்கவைக்கும் வெங்கு மாமாவின் பார்வையிலும் களங்கம் இருக்கிறது. கங்கா கற்கிறாள், உயர்ந்த உத்தியோகம் பெறுகிறாள், எவரையும் நெருங்கவிடாது வாழ்கிறாள். தன் வாழ்வையொத்த கதையைப் பத்திரிகையில் எழுதியிருக்கும் ஆசிரியரைத் தேடிச் சென்று, அவர்வழியே அன்றைய காரின் சொந்தக்காரனான பிரபுவையும் கண்டுபிடிக்கிறாள்.

கங்காவின் குறைகளை ஜெயகாந்தன் மறைக்கவில்லை. தாயின் ஒருநாட் பிழையை அவள் ஆண்டுக்கணக்காகப் பாராட்டுகிறாள். தன்னோடு உடனுறையும் முதியவளின் துயரத்திற்கு அவள் உள்ளத்தில் இடமில்லை. பிரபுவைத் தேடியதிலும் அன்பைவிட வீம்பே மிகுதி. மாமாவின் ஏளனத்திற்கு விடையளிக்கவே அவள் புறப்படுகிறாள். அவனுடைய வைப்பாட்டி என ஊரார் தன்னைக் கருதுவதையும் அவள் மறுப்பதில்லை. அவ்வபவாதத்தையே தனக்குக் கவசமாக்கிக் கொள்கிறாள்.

எனினும், அக்கவசத்தின் உள்ளேதான் அவள் உறவு என்பதைக் கற்கத் தொடங்குகிறாள். தன்னைக் கெடுத்தவன் பலவீனமும் குற்றவுணர்வும் கொண்ட சாதாரண மனிதன் என்று காணும்போது வெறுப்புத் தளர்கிறது. இருவரும் உடலுறவு கலவாத தோழமையை அடைகின்றனர். பிரபுவின் மகள் மஞ்சுவிடத்தும் அவள் மனம் ஒன்றுகிறது. தனக்கு ஒருகாலத்தில் எவரும் சொல்லாத எச்சரிக்கையை அச்சிறுமிக்குச் சொல்ல வேண்டும் என்ற கவலை அவளிடம் எழுகிறது. இப்பகுதிகளே நாவலின் உச்சம் என்பது நம் கருத்து.

பின் அவள் ஏன் வீழ்கிறாள்? கங்காவுக்கு மணம் நிகழ வேண்டும் எனக் கருதிப் பிரபு விலகிவிட, அவள் மதுவிடம் தஞ்சமடைகிறாள். பெயரற்ற உறவினைச் சமூகம் ஏற்காமை ஒரு காரணம். மற்றையது கங்காவிடமே உள்ளது. அவள் ஒருவனை நெருங்கக் கற்றாளேயன்றி, மனிதரை நெருங்கக் கற்கவில்லை. தாயிடமும் தமையனிடமும் மூடிய கதவு மூடியபடியே இருந்தது. ஒற்றைத் தூணில் நிறுத்திய பந்தல் அத்தூண் பெயர்ந்ததும் சரிந்தது. கங்காவின் கதையை ஆசிரியர் பின்னர் 'கங்கை எங்கே போகிறாள்' என்னும் நாவலில் தொடர்ந்தார்.

வெல்லாவெளியில் இருந்து இந்நாவலைப் படிக்கும் நமக்கு மற்றொரு சிந்தனையும் எழுகின்றது. மட்டக்களப்புத் தமிழகத்திற் குடி தாய்வழியே வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகன் மனைவியின் மனைக்கு வந்து வாழ்வான். தங்கைக்கு வீடு அமைப்பது தமையன்மாரின் கடமை எனக் கருதப்படும். கணேசன் தங்கையைத் தெருவில் நிறுத்தியது போல இங்கு ஒரு தமையன் செய்வது எளிதன்று என நாம் பெருமை கொள்ளலாம். ஆயின், அப்பெருமை முழுமையானதா? வீடு பெண்ணுக்குரியதாய் இருப்பினும், ஊர்வாய் படுவான்கரையிலும் ஊர்வாய்தான். உறுதி அவள் பெயரில் இருக்க, உள்ளே அவளோடு பேசுவார் இல்லையெனில், அவ்வீடும் கங்காவின் தனியறையே ஆகும்.

சிறுகதைத் தாய்க்கும் நாவலின் தாய்க்கும் இடையே அன்பில் வேறுபாடு இல்லை. இருவரும் மகளை நேசித்தவர்களே. இருவரும் முதலில் அதிர்ந்தவர்களே. வேறுபாடு, அதிர்ச்சிக்குப் பின் வந்த சில கணங்களில் உள்ளது. ஒருத்தி தன்னை அடக்கிக்கொண்டு மகளை அணைத்தாள். மற்றவள் ஊர் கேட்க அழுதாள். பின்னர் கங்கா நீண்டகாலம் முயன்றும் முழுமையாகக் கற்க இயலாத பாடம், அக்கணங்களில் அவளுக்கு இலகுவாய்க் கிடைத்திருக்கக் கூடியதாகும்.

ஆதலால், கங்கா நல்லவளா தீயவளா என்ற விவாதத்தோடு நம் மாணவர் நின்றுவிடலாகாது. அவளை முதலில் ஏற்றிருக்க வேண்டியவர் யார் என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும். நம்மிற் பலர் இன்று பெற்றோர், பலர் ஆசிரியர், பலர் அண்ணன்மார். தவறியவரோ தவறிழைக்கப்பட்டவரோ ஒருநாள் நம் வாசலுக்கு வரக்கூடும். அவ்வேளையில் நம் வாயிலிருந்து வரும் முதற்சொல் எது என்பதே இந்நாவல் நம்மிடம் விட்டுச்செல்லும் கேள்வியாகும்.