ஓவர்கிளாக் செய்தேன், திரை சிதறியது: கார்டு போய்விட்டதா?

கேள்வி: நான் கல்லூரி மாணவன். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். வீடியோ ஒன்றைப் பார்த்து, ஆஃப்டர்பர்னர் என்ற, கார்டின் வேகத்தை மாற்றும் மென்பொருளில் கோர் +200, மெமரி +1000 என்று வைத்தேன். கேம் ஆடும்போது திரையெங்கும் வண்ணப் புள்ளிகள். பிறகு திரை இருண்டு, சில விநாடியில் திரும்பியது, கேம் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து கணினியைத் தொடவே பயமாக இருக்கிறது. கார்டு எரிந்துவிட்டதா?
– கா. செ., திருப்பூர்

பதில்: பயப்படாதீர்கள், தம்பி. நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் கார்டு எரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆஃப்டர்பர்னரில் 'ரீசெட்' பொத்தானை அழுத்திவிட்டு அதே கேமை ஆடிப் பாருங்கள். புள்ளிகள் வராவிட்டால் கார்டு நலம். பழைய வேகத்திலும் வந்தால், அல்லது விண்டோஸ் வருவதற்கு முன்பே திரையில் தெரிந்தால், அது வாரண்டியில் காட்ட வேண்டிய கோளாறு.

சில்லைக் கெடுப்பவை பெரும்பாலும் மிகையான வோல்டேஜும் நீடித்த வெப்பமும்தான். உங்கள் கார்டில் வோல்டேஜை அளவு மீறிக் கூட்ட முடியாதபடி உற்பத்தியாளரே பூட்டியிருக்கிறார். வேகத்தை மட்டும் கூட்டினால் நேர்வது வேறு: ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும், விடை தப்பாகும். தப்பான விடைதான் ஆர்டிஃபாக்ட் (திரையில் தோன்றும் பிழைப் புள்ளிகள், கோடுகள்). தவறு முற்றினால் கார்டு பதில் சொல்லாமல் நின்றுவிடும். விண்டோஸ் இரண்டு விநாடி காத்திருந்துவிட்டு டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மறுபடி தொடக்கும். நீங்கள் பார்த்த இருட்டு அதுதான்.

அந்த வீடியோக்காரருக்கு ஓடிய எண் உங்களுக்கு ஏன் ஓடவில்லை? ஒரே மாடலிலும் ஒவ்வொரு சில்லின் தாங்குதிறனும் வேறு. 3060-இன் பூஸ்ட் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ் என்பது என்விடியாவின் கணக்கு. வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுத்தால் கார்டு தானாகவே அதைத் தாண்டி ஓடும். உங்கள் +200 அதற்கும் மேல் ஏறியிருக்கிறது. தவிர, இரண்டையும் ஒரே நேரத்தில் கூட்டியதால் தவறு எதில் என்று உங்களுக்கே தெரியவில்லை.

இனி இப்படிச் செய்யுங்கள்:

1. முதலில் கோர் மட்டும். மெமரியைத் தொடாமல் +30, +45 என்று 15, 15ஆக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் யூனிஜின் ஹெவன் போன்ற சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எங்கே தடுமாறுகிறதோ, அங்கிருந்து 30 குறைத்து வையுங்கள்.

2. பிறகு மெமரி. கோரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மெமரியை 100, 100ஆக ஏற்றுங்கள். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஜிடிடிஆர்6 நினைவகம் தரவு போகும் வழியில் நேரும் பிழையைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பச் செய்யும். அதனால் படம் சுத்தமாகத் தெரியும், ஆனால் வேகம் குறையும். எனவே ஒவ்வொரு படியிலும் அதே சோதனையை ஓட்டி, அது தரும் மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். மதிப்பெண் ஏறாமல் இறங்கத் தொடங்கினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டு படி பின்வாங்குங்கள்.

3. இரண்டையும் சேர்த்து நீண்ட சோதனை. 3டிமார்க்கின் டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (தொடர் சுமைச் சோதனை) ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, வேகம் 97 சதவீதமாவது சீராக இருந்தால்தான் தேர்ச்சி கொடுக்கும். அது கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கும். இல்லையென்றால் ஹெவனை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு நீங்கள் ஆடும் கேம்களில் மிகக் கனமானதைச் சில நாள் ஆடுங்கள். சோதனையில் தேறிய கார்டு கேமில் தவறுவது சாதாரணம்.

ஃபர்மார்க் என்ற சுமைச் சோதனை ஒன்றே போதும் என்று சிலர் சொல்வார்கள். அது கார்டை மின்சார வரம்பில் (உங்களுடையதற்கு 170 வாட்) கொண்டுபோய் நிறுத்தும். கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே வெப்பத்தைச் சோதிக்க அது நல்லது. நீங்கள் கூட்டிய உச்ச வேகத்தைச் சோதிக்க உதவாது.

ஆஃப்டர்பர்னரில் உள்ள 'விண்டோஸ் தொடங்கும்போதே அமல்படுத்து' என்ற வசதியை இவையெல்லாம் முடியும் வரை இயக்க வேண்டாம். அதுவரை, எது தவறினாலும் கணினியை அணைத்துப் போட்டால் கார்டு பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். 3060-க்கு வெப்ப உச்சம் 93 டிகிரி செல்சியஸ்; 80-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழியில் தேறிய எண் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில் தவறலாம். கோடையில் இன்னொரு முறை சோதியுங்கள்.

இவ்வளவுக்கும் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். 60 பிரேம் 63 ஆகலாம், 90 ஆகாது. +90-இல் நிம்மதியாக ஓடினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தவர் எண்ணை எட்ட வேண்டிய அவசியம் உங்கள் கார்டுக்கு இல்லை.