மழலையும் மொழியும்

பிறந்த குழந்தை முதலில் அழுகிறது. இரண்டாம் மாதத்தில் 'ஊ', 'ஆ' என நீளும் உயிரொலிகள் எழுகின்றன. நான்கைந்து மாதங்களில் கீச்சிட்டும் உறுமியும், இதழ்களை அதிரவிட்டு எச்சில் தெறிக்க ஒலித்தும், குழந்தை தன் குரலையே விளையாட்டுப் பொருளாக்கிக்கொள்கிறது. ஏறத்தாழ ஆறாம் மாதத்திற்கும் பத்தாம் மாதத்திற்கும் இடையே மெய்யும் உயிரும் கூடிய அசைகள் அடுக்கி வருகின்றன: 'பபபா', 'மமமா', 'ததத்தா'.

இதழ்கள் இயையப் பகரமும் மகரமும் பிறக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியல் கூறும் செய்தி. வாயை மூடித் திறந்தாலே எழும் இவ்வொலிகள் குழந்தைக்கு எளியவை. அம்மா, அப்பா, பாப்பா எனும் சொற்களில் இவையே அமைந்திருப்பதைக் காண்க. குழந்தை ஒலித்ததைப் பெற்றோர் தம்மை அழைத்ததாகக் கொண்டனர் போலும்!

மழலைக்கும் பேச்சுக்கும் தொடர்பில்லை என 1941இல் எழுதினார் மொழியியலறிஞர் ரோமன் யாகப்சன். மழலை ஓய்ந்த பின்னரே மொழி புதிதாகத் தொடங்குகிறது என்பது அவர் கருத்து. குழந்தைகளின் ஒலிகளைத் தொடர்ந்து பதிவுசெய்த பிற்கால ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டனர். ஒரு குழந்தை மழலையில் மிகுதியாக ஒலித்த ஒலிகளே அதன் முதற்சொற்களிலும் மிகுந்திருந்தன.

அவ்வாறாயின், மழலை உடல்வளர்ச்சியால் தானே வருவதா? செவித்திறனற்ற குழந்தைகளே இவ்வினாவிற்கு விடை தந்தனர். அவர்களும் அழுகின்றனர், சிரிக்கின்றனர், தொடக்கத்தில் பிற குழந்தைகளைப் போலவே உயிரொலிகளை எழுப்புகின்றனர். ஆனால், கிம்பரோ ஆலர், ரெபேக்கா ஐலர்ஸ் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், செவித்திறனற்ற குழந்தைகளிடம் தெளிவான அசைகள் பதினோராம் மாதத்திற்கு முன் தோன்றவில்லை. பிறர் பேச்சையும் தன் குரலையும் கேட்டே மழலை உரிய காலத்தில் முதிர்கிறது.

இதனினும் வியப்பூட்டுவது 1991இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு. சைகைமொழி வழங்கும் வீடுகளில் வளர்ந்த செவித்திறனற்ற குழந்தைகளை லாரா பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் கூர்ந்து நோக்கினர். 'பபபா' என நாம் கேட்கும் அதே பருவத்தில், அக்குழந்தைகளின் விரல்கள் சைகைமொழியின் உறுப்புகளைப் பொருளின்றித் திரும்பத் திரும்ப அடுக்கின. அது கைகளின் மழலை!

முதல் மாதங்களின் ஒலிகள் எல்லாக் குழந்தைகளிடமும் ஒத்திருப்பதால் செவிக்குறை எளிதில் வெளிப்படுவதில்லை. குழந்தை சிரிக்கிறது, குரல் எழுப்புகிறது எனப் பெற்றோர் அமைதி கொள்கின்றனர். அசை வராதபோதும், 'சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும்' என்று மூத்தோர் ஆறுதல் கூறுவதுண்டு. பத்து மாதம் நிறைந்தும் 'பபபா' கேளாத வீட்டில் அவ்வாறு காத்திருத்தல் ஆகாது. குழந்தையின் செவியைச் சோதித்தறிய வேண்டும்.