வால் சுருண்டால் குழந்தை பிறக்குமா?

அன்புள்ள கயல்,

தி.நகர் லேபில் சேர்ந்ததுமே சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய். விந்தணுவின் செயல்திறனைச் சோதித்துவிட்டு, சிகிச்சை பலிக்குமா என்று சொல்ல முடியுமா? ஓரளவுதான் முடியும்.

1976-இல் யானகிமாச்சி குழுவினர் உறை நீக்கிய ஹாம்ஸ்டர் முட்டைக்குள் மனித விந்தணு நுழைவதைக் காட்டினார்கள். 1984-இல் ஜெயேந்திரன் குழுவினர் எளிய வழி சொன்னார்கள். செறிவு குறைந்த கரைசலில் விட்டால், சவ்வு நன்றாக உள்ள விந்தணு நீரை உள்ளே வாங்கும். வால் வீங்கிச் சுருளும். அழகான சோதனை. ஆனால் அது சவ்வைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கரு வளர்வதற்கு முட்டை வேண்டும், கருப்பை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெண்ணின் வயது கணக்கில் வரும்.

1990-இல் டாக்டர் கமலா செல்வராஜ் சென்னையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கவைத்தபோது ஊசியால் விந்தணுவைச் செலுத்தும் இக்சி முறை கிடையாது. விந்தணு தானாகவே முட்டையைத் துளைக்க வேண்டும். துளைக்குமா என்ற சோதனைக்கு அன்று பொருள் இருந்தது. 1992-இல் பிரஸ்ஸல்ஸில் பலெர்மோ குழுவினர் ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் குழந்தைகள் பிறந்ததை அறிவித்தார்கள். அதோடு அந்தக் கேள்வியே பின்னுக்குப் போய்விட்டது. வால் சுருளும் சோதனைக்கு மட்டும் புது வேலை கிடைத்தது. சாம்பிளில் ஒன்றுகூட அசையாத நாளில், உயிருள்ளதை அடையாளம் காட்டி ஊசிக்குக் கொடுப்பது அதுதான்.

டி.என்.ஏ. உடைவுச் சோதனையைப் பலரும் கேட்பார்கள். தொடர்ந்து கரு கலைகிறவர்களுக்கு அது உதவும். முதல் பரிசோதனையிலேயே எல்லோருக்கும் வேண்டாம் என்கிறது அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் 2020 வழிகாட்டுதல். நல்ல விந்தணுவைத் தேர்ந்தெடுப்பது பலன் தருமா என்று 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று 2,700-க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் பார்த்தது. ஹயலுரான் என்ற பொருளில் ஒட்டிய விந்தணுவாகப் பார்த்து எடுத்து இக்சி செய்தபோது 27.4 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. வழக்கமான இக்சியில் 25.2. தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான் அது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் என்ற கவுண்ட், ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து வந்தது. அவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அந்த அளவுக்குக் கீழேதான் இருந்தார்கள். இதைக் கவுன்ட்டரில் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு முகம் வாடி நிற்கிறவரிடம் கட்டாயம் சொல். கவுண்டைக் குறைக்கக்கூடிய காய்ச்சல் ஏதும் கடந்த மூன்று மாதத்துக்குள் வந்ததா என்று கேள். இன்னொரு சாம்பிள் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதே.

அன்புடன்,
அடையாறு அத்தை