வெயிலில் நிற்பது வணக்கமா?





ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் உரை நிகழ்த்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அமர்ந்திருக்க, ஒருவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். யார் இவர் என்று விசாரித்தார்கள். அவர் பெயர் அபூ இஸ்ராயீல் என்றும், உட்காராமல் நிற்பதாகவும், நிழலில் ஒதுங்குவதில்லை என்றும், யாருடனும் பேசுவதில்லை என்றும், நோன்பு வைப்பதாகவும் நேர்ச்சை செய்திருக்கிறார் என்றும் தோழர்கள் சொன்னார்கள். உடனே நபியவர்கள், அவர் பேசட்டும், நிழலுக்குப் போகட்டும், உட்காரட்டும், நோன்பை மட்டும் நிறைவு செய்யட்டும் என்று கட்டளையிட்டார்கள் (புகாரி 6704).

நோன்பு வணக்கம், அது நீடித்தது. வெயிலில் நிற்பது வணக்கமல்ல, அது ரத்தானது. உடலை வதைத்தால் அல்லாஹ் மகிழ்வான் என்ற எண்ணத்துக்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. மே மாதத்துப் புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்த ஹதீஸைப் படிப்பவருக்கு இதன் அருமை நன்றாகவே புரியும்.

நம் ஊர் வெயிலைப் பற்றி முதலில் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை இருக்கும் நாட்களைக் கத்திரி வெயில் என்கிறோம். பேச்சு வழக்கில் அப்படிச் சொல்வதில் தவறில்லை. ஆனால் நட்சத்திரம்தான் வெயிலைக் கொடுக்கிறது என்று நம்பக் கூடாது. மழையை நட்சத்திரத்தோடு இணைத்துப் பேசியவர்களை நபியவர்கள் கண்டித்தார்கள் (புகாரி 846). காரணங்களைப் படைத்தவன் அல்லாஹ். அந்தக் காரணங்களில் நம் கடலோரத்துக்கு முக்கியமானது காற்று. காலையில் மேற்கிலிருந்து, நிலத்தின் மீது தவழ்ந்து வறண்ட காற்று வருகிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழைந்துவிட்டால் வெப்பம் ஏறுவது நின்றுவிடும். மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்றைத் தடுத்துவிடுகிற நாட்களில்தான் 40 டிகிரியைத் தொட்டு நிற்கும்.

சரி, கடற்காற்று வந்துவிட்டால் நிம்மதியா? அதுவும் இல்லை. அது ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர காயாது. அதனால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை சமவெளிகளுக்கு 40 டிகிரியை வரம்பாக வைத்துவிட்டு, கடலோரத்துக்கு 37 டிகிரியை வைத்திருக்கிறது. 37ஐத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் இங்கே வெப்ப அலை என்று அறிவிக்கலாம். செல்போனில் 37 என்று பார்த்துவிட்டு, வேலூரைவிட நமக்குக் குறைவுதானே என்று யாரும் துணிந்து இறங்க வேண்டாம்.

வெயிலை லேசாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. அந்த ஜூன் 17ஆம் தேதி மக்காவின் ஹரம் ஷரீஃபில் 51.8 டிகிரி பதிவானது. ஹஜ் முடிந்தபின் சவூதி அரசு அறிவித்த இறப்பு எண்ணிக்கை 1,301. நம் நாட்டைச் சேர்ந்தவர்கள் 98 பேர் இறந்ததாக இந்திய வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது. முதுமை, நோய், விபத்து எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அல்லாஹ் அவர்கள் அனைவரையும் பொருந்திக்கொள்வானாக. இஹ்ராமில் இறந்தவர் மறுமையில் தல்பியா சொன்னவராகவே எழுப்பப்படுவார் என்பது நபிமொழி (புகாரி 1265). அவர்களுடைய அந்தஸ்தில் நமக்குச் சந்தேகமில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இறந்தவர்களில் 83 சதவீதம் பேர் முறையான ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள் என்றும், நிழலோ ஓய்வோ இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் அதே அறிவிப்பு சொன்னது. அனுமதி பெற்றவருக்குக் குளிரூட்டிய கூடாரம் உண்டு, பஸ் உண்டு. இல்லாதவருக்கு எதுவும் இல்லை. ஹஜ் கடமையாவதற்கு அல்லாஹ் வைத்த நிபந்தனையே சக்தி பெற்றிருப்பதுதான் (3:97). விசிட் விசாவில் போய் எப்படியாவது ஹஜ் செய்துவிடலாம் என்று ஆசை காட்டி, ஒரு முதியவரின் வாழ்நாள் சேமிப்பை வாங்கிக்கொண்டு அரஃபா வெயிலில் விட்டுவிடுகிற ஏஜென்ட், அந்த உயிருக்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படிப் புறப்பட்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அது ஹஜ்ஜைத் தடுப்பது ஆகாது. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாட்கள் முன்னே நகர்வதால் ஹஜ் கடுங்கோடையிலிருந்து மெல்ல விலகிக்கொண்டிருக்கிறது. இதுவும் அவனுடைய ஏற்பாடுதான்.

வணக்கத்தில்கூட வெயிலுக்கு இடம் கொடுத்த மார்க்கம் இது. ஒரு பயணத்தில் லுஹருக்குப் பாங்கு சொல்ல முனைந்தவரிடம், சற்றுக் குளிரட்டும் என்று நபியவர்கள் மீண்டும் மீண்டும் தாமதிக்கச் சொன்னார்கள். மணல்மேடுகளின் நிழல் தரையில் தெரிகிற வரை தாமதித்ததாக அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி 539). கோடையில் லுஹரைத் தாமதிப்பது விரும்பத்தக்கது என்பது ஹனஃபி மத்ஹப். வெப்பமான ஊரில், தூரத்திலிருந்து ஜமாஅத்துக்கு நடந்து வருபவர்களுக்காகத் தாமதிக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹப். இரண்டிலும் நோக்கம் ஒன்றே: தொழ வருபவர் வெயிலில் வாடக் கூடாது.

இன்னொரு பயணம். கடுமையான வெயில். சிலர் நோன்பு வைத்திருந்தார்கள், சிலர் வைக்கவில்லை. ஓரிடத்தில் இறங்கியதும் நோன்பாளிகள் சோர்ந்து விழுந்துவிட்டார்கள். நோன்பு வைக்காதவர்கள் எழுந்து கூடாரம் அடித்தார்கள், வாகனப் பிராணிகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். இன்றைய நன்மையை நோன்பு வைக்காதவர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள் நபியவர்கள் (முஸ்லிம் 1119). வெயிலைத் தாங்கியவரைவிட, நிழலும் தண்ணீரும் கொடுத்தவருக்கு அன்றைக்குக் கூலி அதிகம்!

இப்போது உங்களைக் கேட்கிறேன். இந்த வெயிலில் உங்களுக்காக வெளியே நிற்பவர் யார்? மாடி கட்டும் கொத்தனார், சித்தாள். மதியம் பிரியாணிப் பொட்டலத்தோடு உங்கள் கதவைத் தட்டும் பையன். தெருமுனையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மா. உங்கள் பொறுப்பில் இருப்பவர்மீது அவருடைய சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்பது நபியின் கட்டளை (புகாரி 30). சுவனத்தில் ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் வாக்களித்தவை நான்கு: பசி இராது, ஆடையின்மை இராது, தாகம் இராது, வெயில் தாக்காது (20:118, 119). உணவு, உடையோடு ஒரே வரிசையில் நிழலையும் வைத்திருக்கிறான். அப்படியானால் வேலைக்காரருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, நிழல் தராமல் வேலை வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்?

சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. உங்கள் வீட்டு வேலைக்கு நீங்களே அந்தச் சட்டத்தைப் போட்டுக்கொள்ளலாமே! காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு நிறுத்தி, மாலை 4 மணிக்கு மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். கூலியில் கை வைக்காமல் சொல்லுங்கள்; கூலியைக் குறைத்துவிட்டுத் தருகிற ஓய்வு ஓய்வல்ல. வெயிலில் வேலை செய்பவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். நிழலுக்குத் தூக்கிவந்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

2024 மே மாதத்தில் நம் பொதுப்பணித் துறை சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டதும், அந்த வீடியோ நாடெங்கும் சுற்றியதும் நினைவிருக்கும். சிவப்பு விளக்குக்கு ஒரு நிமிடம் நிற்பவருக்கு நிழல். சிறிய வேலைதான். மக்கள் ஒதுங்கும் நிழலை அசுத்தம் செய்பவரை சாபத்துக்குரியவர் என்று சொன்ன மார்க்கத்தில் (முஸ்லிம் 269), நிழலை உண்டாக்குபவரின் நிலை என்ன என்பதை யோசித்துப் பாருங்கள்.

தண்ணீருக்கும் நம் ஊரிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபம், முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டப்பட்டது. ஆயி என்ற தாசி தன் மாளிகையையே இடித்துவிட்டு, ஊர் மக்களுக்காகக் குளம் வெட்டினாள் என்பது ஊர்க்கதை. அதில் வரலாறு எவ்வளவு என்ற ஆராய்ச்சிக்குள் நாம் போக வேண்டாம். ஆனால் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வரும். பனூ இஸ்ராயீலைச் சேர்ந்த ஒரு விலைமாது, கடும் தாகத்தில் கிணற்றைச் சுற்றிச்சுற்றி வந்த நாய்க்குத் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அதற்காக அவளை அல்லாஹ் மன்னித்தான் (புகாரி 3467). ஒரு நாய், ஒரு காலணித் தண்ணீர். நம் வாசலில் ஒரு மண்பானையும், மாடியில் பறவைகளுக்கு ஒரு கிண்ணமும் வைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜும்ஆ நெரிசலில் வெளியே நிற்பவர்கள் பெரும்பாலும் தாமதமாக வேலையிலிருந்து ஓடிவருபவர்கள். அவர்கள் நெற்றி வைக்கிற தரையில் பாய் விரித்து, மேலே பந்தல் போடுங்கள். மோதினார் தங்கும் அறைக்குத் தகரக் கூரை என்றால் அதை முதலில் மாற்றுங்கள். ஏசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இமாம்களுக்கு, என்னையும் சேர்த்துச் சொல்கிறேன்: உரையைச் சுருக்கித் தொழுகையை நீட்டுவது ஒருவருடைய மார்க்க விளக்கத்துக்கு அடையாளம் என்றார்கள் நபியவர்கள் (முஸ்லிம் 869). கத்திரி முடியும் வரை குத்பா சுருக்கமாகவே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! வெயிலில் உழைப்பவர்களின் உடலுக்கு ஆரோக்கியத்தையும், எங்கள் ஊருக்குப் பயனுள்ள மழையையும் தருவாயாக. ஆமீன்.