நிறையும் எடையும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் அங்கத்தினர், தம் கூலியில் காரணமின்றிப் பிடித்தம் செய்ததாக முறையிட்டார். அதை விசாரிக்கச் சென்றேன். நூல் வழங்கியபோது சுருள்வில் தராசு 5 கிலோ காட்டியது. நெய்த துணியையும் மிச்ச நூலையும் தட்டுத் தராசில் நிறுத்தபோது, வழக்கமான கழிவு போக மேலும் 100 கிராம் குறைந்தது. நூலை அவரே எடுத்துக்கொண்டார் என்று கணக்கு கூறிற்று. முத்திரையிட்ட படிக்கற்களைச் சுருள்வில் தராசில் மாட்டினேன். 4 கிலோ 900 கிராமுக்கே முள் 5-இல் நின்றது! வெறுமையாய் இருக்கையில் முள் பூஜ்யத்தில் நின்றதால் ஒருவரும் ஐயுறவில்லை.

இவ்விரு தராசுகளும் அளப்பது ஒன்றையன்று. நூற்கட்டில் அடங்கியுள்ள பொருளின் அளவு நிறை எனப்படும். பூமி அதைத் தன்பால் இழுக்கும் விசையே எடை. எவ்வூருக்குக் கொண்டு சென்றாலும் நிறை மாறாது; இழுப்பு மாறும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. ஆதலின் நடுக்கோட்டைவிடத் துருவத்தில் இழுப்பு ஏறக்குறைய நூற்றுக்கு அரைப்பங்கு மிகுதி. 1672-இல் பாரீஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்ற ழான் ரிஷே என்னும் வானியலறிஞர், தம் ஊசல் கடிகாரம் அங்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கக் கண்டார். ஊசலின்மீது அங்கே இழுப்புக் குறைந்ததே காரணம்.

தட்டுத் தராசில் ஒருபுறம் நூல், மறுபுறம் படிக்கல். இழுப்புக் குறைந்தால் இரண்டிற்கும் ஒருங்கே குறையும், கோல் சாயாது. ஆகவே அது நிறையையே ஒப்பிடுகிறது. நம் முன்னோர் அதனை நிறைகோல் என்றும் வழங்கியது எத்துணைப் பொருத்தம்! சுருள்வில் தராசோ இழுப்பை மட்டும் உணர்ந்து, அதைக் கிலோவாகக் காட்டுகிறது. லண்டனில் சரிசெய்த அத்தகைய தராசு, சென்னையில் 100 கிலோ பஞ்சை ஏறக்குறைய 300 கிராம் குறைத்தே காட்டும். இன்று கடைகளில் காணும் மின்னணுத் தராசுகளும் பெரும்பாலும் இவ்வினமே. பயன்படுத்தும் இடத்திலேயே படிக்கல் வைத்து அவற்றைச் சரிசெய்வது இதனாற்றான்.

மேற்கூறிய சங்கத்தில் பூமியின்மேல் குற்றமில்லை. ஒரே கட்டடத்தில் இழுப்பு மாறுவதில்லை. வில் தளர்ந்து, அதே இழுப்புக்கு அதிகமாக நீண்டது. எதிர்த்தட்டில் சாட்சியாகப் படிக்கல் இல்லாத கருவிக்கு இவ்வாபத்து என்றும் உண்டு. தட்டுத் தராசும் முற்றும் குற்றமற்றதன்று. கோலின் இரு கைகளும் நீளத்தில் வேறுபட்டால் ஏமாற்றும். ஐயமிருப்பின் நூலையும் கல்லையும் தட்டு மாற்றி வைக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டுவதில்லை.

பிடித்த தொகை, அடுத்த கூலிப் பட்டியலில் அந்த நெசவாளருக்கு வரவு வைக்கப்பட்டது.