கோப்பில் எழுதாதது கணக்கில் வராது

கேள்வி: கோவளத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டரிலும் நிக்ஸ்ஓஎஸ் லினக்ஸ்தான். வேண்டிய மென்பொருளை எல்லாம் 'நிக்ஸ்-என்வ்' கட்டளையில் போட்டுக்கொண்டேன். இப்போது சிஸ்டத்தை அப்டேட் செய்தும் பிரவுசர் பழைய பதிப்பிலேயே நிற்கிறது. ஒன்றில் இருக்கும் மென்பொருள் மற்றொன்றில் இல்லை. எங்கே கோளாறு?
- வாசகர், கோவளம்

பதில்: உபுண்டுவில் பழகிய கை அப்படித்தான் செய்யும். ஆனால் நிக்ஸ்ஓஎஸ்ஸில் கணக்கு இரண்டு. முழு சிஸ்டத்துக்கான கணக்கு 'கான்ஃபிகரேஷன்.நிக்ஸ்' கோப்பில் இருக்கிறது. 'நிக்ஸ்-என்வ்' போடுவதோ உங்கள் யூசர் கணக்கில் மட்டும் சேர்கிறது. 'நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்டு' முதல் கணக்கை மட்டுமே புதுப்பிக்கும், இரண்டாவதைத் தொடாது. அதோடு, ஒரே மென்பொருள் இரண்டிலும் இருந்தால் யூசர் கணக்கில் இருப்பதுதான் முந்திக்கொண்டு திறக்கும். பிரவுசர் பழையதாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

'நிக்ஸ்-என்வ் -க்யூ' கொடுத்தால் அந்தக் கணக்கில் உள்ளவை வரிசையாக வரும். வேண்டியவற்றை 'என்விரான்மென்ட்.சிஸ்டம்பேக்கேஜஸ்' பட்டியலில் எழுதி, 'சூடோ நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்டு ஸ்விட்ச்' கொடுங்கள். பிறகு 'நிக்ஸ்-என்வ் -இ' போட்டு, பெயர் சொல்லிப் பழையவற்றை நீக்குங்கள். ஒருமுறை மட்டும் தேவைப்படும் கருவிக்கு 'நிக்ஸ்-ஷெல் -பி' போதும். எங்கும் பதிவாகாது.

இனி அந்தக் கோப்பை மற்ற இரண்டிலும் நகலெடுக்கலாம். 'ஹார்டுவேர்-கான்ஃபிகரேஷன்.நிக்ஸ்' கோப்பை மட்டும் நகலெடுக்க வேண்டாம். அது அந்தந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க், டிரைவர் விவரம். மூன்றும் ஒரே சேனலில், அதாவது மென்பொருள் வரும் ஒரே பதிப்பு வரிசையில், இருக்கட்டும். கோப்பில் பாஸ்வேர்டு எதையும் அப்படியே எழுதாதீர்கள். அது நிக்ஸ் ஸ்டோர் என்ற மென்பொருள் கிடங்குக்குப் போய்விட்டால், அந்தக் கம்ப்யூட்டரைத் தொடும் யாரும் படிக்கலாம்.

கேள்வி: 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் எங்கள் ஊர்ப் பக்கம்தான் கரையேறியது. அப்படியொரு இரவில், அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால்?
- வாசகர், மாமல்லபுரம்

பதில்: வேறு பல லினக்ஸில் பழைய கோப்பின் மேலேயே புதியது எழுதப்படும். பாதியில் நின்றால் இரண்டும் கெட்டான் நிலைதான். நிக்ஸை உருவாக்கிய எல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. அவர் முறையில் ஒவ்வொரு மென்பொருளும் நிக்ஸ் ஸ்டோரில் தனி அடைவில் உட்காரும். அது எதையெல்லாம் கொண்டு உருவானதோ, அதிலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீடு அடைவின் பெயரில் முன்னால் நிற்கும். ஆகவே புதிய பதிப்பு பழையதன் பக்கத்தில் தனியாக உருவாகும். எல்லாம் முடிந்த பிறகே, சிஸ்டம் எது என்று காட்டும் சுட்டி ஒரே அடியில் மாறும். அதற்கு முன் கரண்ட் போனால் பழைய சிஸ்டமே எழுந்து வரும்.

புதியது சரிப்படாவிட்டால், ஆரம்பத் திரையில் பழைய ஜெனரேஷனை, அதாவது சிஸ்டத்தின் முந்தைய நிலையை, தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பழைய நிலைக்குத் திரும்புவது சிஸ்டம் மட்டும்தான். வாடிக்கையாளர் ஆவணங்கள் திரும்பா. அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும். டிஸ்க்கே பழுதானாலும் அந்த பேக்கப்தான் கைகொடுக்கும். அதில் கான்ஃபிகரேஷன் கோப்பும் இருக்கட்டும்.

கேள்வி: தமிழ் எழுத்துரு போட்டும் தெரியவில்லை. தமிழ்99 எப்படி வரவழைப்பது? டிஸ்க்கும் நிரம்பி வழிகிறது.
- வாசகர், கேளம்பாக்கம்

பதில்: எழுத்துருவை சிஸ்டம்பேக்கேஜஸில் எழுதியிருப்பீர்கள். அதன் இடம் 'ஃபான்ட்ஸ்.பேக்கேஜஸ்'. நோட்டோ எழுத்துருக்களை அங்கே சேருங்கள். தமிழ்99க்கு, உள்ளீட்டு முறையாக 'ஐபஸ்' என்று எழுதி, அதன் எஞ்சினாக 'எம்17என்' சேர்த்தால் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 வரும்.

டிஸ்க் நிரம்பக் காரணம் சேர்ந்துபோன பழைய ஜெனரேஷன்கள். 'சூடோ நிக்ஸ்-கலெக்ட்-கார்பேஜ் -டி' எல்லாப் பழையதையும் துடைத்துவிடும். பிறகு பின்வாங்க வழியிருக்காது. அதற்குப் பதில் 30 நாளுக்கு முந்தையவற்றை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். இந்தத் துப்புரவையும் 'நிக்ஸ்.ஜிசி.ஆட்டோமேட்டிக்', 'நிக்ஸ்.ஜிசி.ஆப்ஷன்ஸ்' என்று கோப்பிலேயே எழுதி வைக்கலாம். ஆனால் அதே கோப்பில் உள்ள 'சிஸ்டம்.ஸ்டேட்வெர்ஷன்' எண்ணை, புதிய பதிப்பு வந்ததென்று மாற்றாதீர்கள். அது நீங்கள் முதலில் நிறுவிய பதிப்பின் அடையாளம். அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.